பச்சமுத்துவின் ஓட்டு

போனைக் காதில் வைத்தபடி அத்தாயி எழுந்து நின்றதும் கூட்டம் அடங்கியது.

அத்தாயி பேசப்போகிறாள் என்பதற்காக இல்லை. அவள் புருஷன் பச்சமுத்து பேசப்போகிறான் என்பதற்காக.

பச்சமுத்து போர்வெல் லாரியில் டிரில்லர். ஒடிசாவிலோ சத்தீஸ்கரிலோ ஏதோ ஒரு காட்டில் குழி போட்டுக்கொண்டிருப்பான். அத்தாயி பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி. வெள்ளிக்கிழமைக் கூட்டம் என்றால் போனோடுதான் வருவாள். அவன் அங்கிருந்து சொல்லுவான், இவள் இங்கே சொல்லுவாள்.

தலைமை ஆசிரியர் தண்டாயுதபாணிக்கு ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. போகப்போக அவன் மேல் மரியாதையே வந்துவிட்டது.

பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்கு உள்பக்கமும் தாழ்ப்பாள் வேண்டும் என்றவன் அவன்தான். சத்துணவு முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்த்து, மிதப்பதை ஒதுக்கிவிட்டு வேகவைக்கச் சொன்னவனும் அவனே. கணக்கு டீச்சர் வராத அன்று பிள்ளைகளை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுத் தலைமை ஆசிரியரையே திணறடித்திருக்கிறான்.

"அப்பன்னா அப்படி இருக்கோணும்" என்று தண்டாயுதபாணி வீட்டில் சொல்லியிருக்கிறார்.

இன்று விஷயம் பெரியது. பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கட்ட உத்தரவு வந்திருந்தது.

போர்வெல் லாரிகள் வைத்திருக்கும் சின்னண்ணனும் முன்னாள் மாணவர் என்ற முறையில் குழுவில் இருந்தார். மழைக்காலத்தில் வேலை இல்லாமல் ஊர் திரும்பும் அவருடைய லாரிகள் பள்ளி மைதானத்தில்தான் நிற்கும். சுவர் வந்தால் நிற்க முடியாது. கெட்ட மனிதர் இல்லை. கூட்டம் நடந்த வகுப்பறையில் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியே அவர் வாங்கிக் கொடுத்ததுதான்.

"மேக்கால ஒரு பக்கம் மட்டும் தொறந்து கெடக்கட்டுமுங்க சார். நம்ம வண்டிதானுங்களே."

குழுவில் இருந்த தாய்மார்கள் தரையைப் பார்த்தார்கள். பாதிப் பேரின் புருஷன்மார்கள் அந்த வண்டிகளில்தான் வேலை செய்தார்கள்.

போன மழைக்கு அதில் ஒரு வண்டி பின்னால் வந்து, பிள்ளைகள் தட்டுக் கழுவும் குழாய் மேடையை நொறுக்கிவிட்டது. அன்று சாப்பாட்டு மணி தாமதமாக அடித்தது. பிள்ளைகள் யாரும் அங்கே இல்லாததால் மேடையோடு போயிற்று.

"அவரு சொல்றாருங்க," என்றாள் அத்தாயி. "ரிவர்ஸ் எடுக்கறப்ப பொறவால நிக்கற புள்ள கண்ணாடியில தெரியாதாமா. ஆரு ஓட்டுனாலும் தெரியாதாமா. நாலு பக்கமும் கட்டிப்போடோணும்ங்கறாரு."

சின்னண்ணன் கையை நீட்டினார். "போனக் குடு சாமி. நான் அவங்கிட்ட பேசிக்கறேன்."

"மிஷின் ஓடுதுங்க மாமா. நீங்க பேசறது அவருக்குக் கேக்காதுங்க."

"நீ பேசறது மட்டும் கேக்குதாக்கும்?"

"பொண்டாட்டி கொரலு எந்த மிஷினையும் தாண்டிப் போயிருமுங்க" என்றாள் பின்வரிசையில் இருந்த பாவாயி.

எல்லோரும் சிரித்தார்கள். சின்னண்ணனும் சிரித்துவிட்டு, நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். அத்தாயியோடு என்றால் மல்லுக்கட்டியிருப்பார். பச்சமுத்து நல்ல டிரில்லர், என்றைக்காவது தன் வண்டிக்கு இழுத்துவிட வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவர் அவர்.

தண்டாயுதபாணி தொண்டையைச் செருமினார். "நாலு பக்கமும் சுவர் வேணும்ங்கறவங்க கையைத் தூக்குங்க."

பாவாயி முதலில் தூக்கினாள். அவள் புருஷன் சின்னண்ணனின் லாரியில் ஹெல்பர். அவளைப் பார்த்து அடுத்தவள், அப்புறம் அவளுக்கு அடுத்தவள். பச்சமுத்து சொல்லிவிட்டான் என்கிற தைரியம் என்று தண்டாயுதபாணி நினைத்துக்கொண்டார்.

அத்தாயி கை தூக்கவில்லை. எந்தக் கூட்டத்திலும் தூக்கியதில்லை. ஒரு கையில் போன், மறுகையில் முந்தானை. அவள் பங்குக்குப் பச்சமுத்துவின் ஓட்டைத்தான் தலைமை ஆசிரியர் சேர்த்துக்கொள்வார்.

அவர் எண்ண ஆரம்பித்தபோது, அவள் காதோடு ஒட்டியிருந்த போன் பாட்டோடு அடித்தது.

பேசிக்கொண்டிருக்கிற போன் அப்படி அடிக்காது.

அவள் பதறி எடுத்ததில் ஸ்பீக்கரும் சேர்ந்து அமுங்கிவிட்டது.

"ஏ அத்தாயி." பச்சமுத்துவின் குரல் வகுப்பு முழுக்கக் கேட்டது. பின்னால் மிஷின் எதுவும் ஓடவில்லை. "இங்க இன்சூரன்ஸ்காரன் வந்து கேக்கறான். நம்ம பாப்பா எந்த ஸ்கூல்ல படிக்குது? எத்தனாவது?"

அத்தாயி கண்ணை மூடித் திறந்தாள்.

"நாலாவதுங்க. நம்மூரு ஸ்கூல்லதானுங்க. மீட்டிங்ல இருக்கறேன், அப்பறம் கூப்படறனுங்க."

அணைத்துவிட்டாள்.

தூக்கிய கைகள் இனி ஒவ்வொன்றாக இறங்கும் என்று தண்டாயுதபாணி காத்திருந்தார்.

ஒரு கையும் இறங்கவில்லை.

அந்தப் பெண்கள் யார் முகத்திலும் ஆச்சரியம் இல்லை என்பதை அப்போதுதான் அவர் கவனித்தார். திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தது அவரும் சின்னண்ணனும் மட்டுமே.

"எண்ணுங்க சார்," என்றாள் பாவாயி. "கை வலிக்குது."

அவர் முதலிலிருந்து எண்ணினார்.

அத்தாயி போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, கையைத் தூக்கினாள்.