எலிவால் அருவி

அவள் அவருடைய வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேருந்து வளைவில் திரும்பும்போதெல்லாம் அந்தக் கால் தரையை அழுத்தியது. எதிரே லாரி வந்தாலும் அழுத்தியது.

அங்கே பிரேக் இல்லை. தகரத் தரையும், யாரோ துப்பிய ஆரஞ்சுக் கொட்டைகளும்தான் இருந்தன.

தலை நரைக்கும்வரை இதே பாதையில் பேருந்து ஓட்டியவர். போன ஆடியில், இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. வண்டியைப் பள்ளத்துக்கு விடாமல் மலைப்பக்கம் ஒடித்து, பாறையில் சாத்தி நிறுத்தினார்.

ஒருவரும் சாகவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள்.

அதன் பிறகு அவர் மலை ஏறவில்லை. காலுக்கு அது தெரியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அழுத்தும். கோயிலில் கண்மூடி நின்றால் அழுத்தும்.

இன்று வராமல் முடியாது. மேலே, பூண்டு விளையும் பள்ளத்தாக்கில் கட்டிக்கொடுத்த மகளுக்கு நாளை வளைகாப்பு. அப்பா வராவிட்டால் கையை நீட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

"முடியலைன்னா சொல்லுங்க. எந்த எடமா இருந்தாலும் எறங்கிருவோம்."

அப்படிச் சொல்லித்தான் அவரை ஏற்றினாள். பள்ளம் கண்ணில் படாதபடி, அவளே சன்னலோரம் உட்கார்ந்தாள். மடியில் வளையல் பெட்டி.

சீட்டுக் கிழிக்க வந்த கண்டக்டருக்கு அவரை அடையாளம் தெரிந்துவிட்டது.

"என்ன பரமண்ணே, நீங்களே காசு குடுத்து வர்றீக? மதினி, அண்ணன முன்னால அனுப்புங்க. பேனட்டு மேல ஒக்காரட்டும். டிரைவர் தம்பி புதுசு. கூட ரெண்டு கண்ணு இருந்தா நல்லதுதான."

அவர் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

கால் அழுத்தியது.

அவளுக்குக் கண்டக்டரை அறையலாம் போலிருந்தது.

மேலே போகப் போகக் குளிர்ந்தது. காப்பித் தோட்டங்கள் கீழே இறங்கின. பனிமூட்டம் சாலைக்கு வந்தது.

பிறகு அந்தப் பாறை.

அவர் வண்டியின் பச்சைப் பெயிண்ட் இன்னும் அதில் ஒட்டியிருந்தது.

அவர் அதைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. அவள் காலைத்தான் பார்த்தாள். அழுத்திய கால் திரும்பி வரவில்லை. நரம்பு புடைத்து அப்படியே நின்றது. வளைவு முடிந்தும் நின்றது.

போதும் என்று நினைத்தாள். மகள் அழுதால் அழட்டும். கண்டக்டரைக் கூப்பிட முன்கம்பியைப் பிடித்து எழுந்தாள்.

"இந்தா" என்றார் அவர்.

"எறங்கிருவோமா?"

"ஒக்காரு. மறைக்கிற."

அவளுக்குப் புரியவில்லை. உட்கார்ந்தாள். அவர் அவள்மேல் சாய்ந்து, கழுத்தை நீட்டி, சன்னலுக்கு வெளியே பார்த்தார்.

பனிமூட்டம் விலகியிருந்தது. பள்ளத்தாக்குக்கு அப்பால், கரிய மலையின் முகட்டிலிருந்து ஒரு வெள்ளைக் கோடு கீழே விழுந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லாமல்.

"அது என்ன அருவி?"

பின்னாலிருந்து கண்டக்டர் சிரித்தார்.

"எலிவால் அருவிண்ணே. நல்லாக் கேட்டீக போங்க. நாள் தவறாம இதத் தாண்டித்தான போனீக?"

"ரோட்டத்தானப்பா பாத்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். திரும்பவில்லை. அருவி மறையும்வரை பார்த்தார். மறைந்த பிறகும், அது மறுபடி வரும் என்பதுபோல அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வளைவு வந்தது.

மடியில் பெட்டி சரிந்தது. அவள் சட்டென்று குனிந்து பார்த்தாள்.

தரையில் செருப்பு மட்டும் கிடந்தது. வளைவோடு சேர்ந்து அதுவும் வழுக்கிப் போயிற்று. அவர் கால் இருக்கைமேல் மடங்கியிருந்தது.

அவளுடைய கால்தான் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

மெல்ல எடுத்தாள்.

பேருந்து தன்பாட்டுக்குத் திரும்பியது.