ஏணைப் புடவை

ஓட்டுக் கண்ணாடி வழியே இறங்கும் வெயில் அம்சவல்லியின் மடியில் விழுகிறது. மடி எங்கே இருக்கிறது, ஒன்பது மாத வயிறு முழங்காலை முட்டிக்கொண்டிருக்கிறது. சுவரில் 1991 காலண்டர் காற்றில் உரசுகிறது. அவள் முன்னால் அம்மாவின் நீலப் புடவை விரிந்து கிடக்கிறது. அப்பா உயிரோடு இருந்தபோது வாங்கியது. கைக்குழந்தையாக அம்சவல்லி ஏணைத் தூளியில் ஆடியதும் இதில்தான். துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிவிட்டது. பேரப்பிள்ளைக்கென்று அதை வெந்நீரில் அலசி, குன்றத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வடக்குப்பட்டுக்குக் கொண்டுவந்த அம்மா கதவோரம் உட்கார்ந்திருக்கிறாள். இன்னும் யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை.

"இத்த இன்னாத்துக்கு எட்தாந்தாங்க?" மாமியார் பச்சையம்மாள் சம்பந்தியைப் பார்க்காமல் மருமகளைக் கேட்கிறாள். "தாலியறுத்தவங்க பொடவைல ஏணை கட்டுவாங்களா? புள்ளைக்கி ஆவாதும்மா." ஷிப்ட் முடிந்து வந்த கணவன் கோதண்டராமன் ஷூ கயிற்றை அவிழ்க்கிறான்; அவிழ்ந்த பிறகும் அவிழ்த்துக்கொண்டே இருக்கிறான். அம்மா, புடவை வந்த மஞ்சள் பையை நான்காக மடிக்கிறாள், எட்டாக மடிக்கிறாள். பச்சையம்மாளின் விரல்கள் புடவையைத் தடவிப் பார்க்கின்றன. அந்த மெதுமெதுப்பு அவளுக்குப் பிடித்துப்போகிறது.

"சரி, கெடக்கட்டும். ஆஸ்பத்திரில பிரசவத்துக்குக் கீய விரிக்க ஆவும். ரத்தம் பட்டா அங்கியே கடாசிட்லாம்."

அம்சவல்லி புடவையை நிதானமாக மடித்து ஆஸ்பத்திரிப் பையில் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறாள். பிள்ளை முதன்முதலில் வந்து விழப்போவது இதில்தான். அத்தைக்கு அது தோன்றவேயில்லை.