இருட்டாக நின்ற கை

ஆய்வுக்கூடத்தின் இருட்டறையில் அந்தப் படலம் மட்டும் பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. உலோகம் கலக்காத கரிமப் பொருள். குளிரூட்ட வேண்டாம், விளக்கை அணைத்த பிறகும் மணிக்கணக்கில் ஒளிரும். நடுவில் மட்டும் ஒரு கையின் வடிவத்தில் இருட்டு.

காலையில் விஞ்ஞானி மங்கையர்க்கரசி ஆய்வு மாணவி ஜெனிபரிடம், “எங்க வீட்டுக்காரர் பயப்படுற கை இதுதான்டி” என்று சிரித்தபடி உள்ளங்கையை அதன்மேல் வைத்து விளக்கைப் போட்டாள். கை மறைத்த இடத்தில் ஒளி ஏறவில்லை. மதியம் மாரடைப்பில் போய்விட்டாள்.

மருத்துவமனையிலிருந்து நேராக வந்த கணவர் திருமாறன் அந்த இருட்டையே பார்த்தார்.

“மங்கிட்டே வருது சார். இன்னும் கொஞ்ச நேரந்தான்” என்றாள் ஜெனிபர்.

“திரும்ப விளக்கைப் போட்டா?”

“எல்லா இடமும் ஒளிரும். மேடம் கை அழிஞ்சிடும். போட்டோ எடுத்து வச்சிருக்கேன் சார்.”

“போட்டோ வீட்ல நிறைய இருக்கும்மா.”

திருமாறன் தன் உள்ளங்கையை அந்த இருட்டின்மேல் மெல்லப் பதித்தார். அவள் விரல்கள் முழுவதும் அவர் கைக்குள் மறைந்தன.

“போடும்மா.”

ஜெனிபரின் விரல் சுவிட்சின்மேல் தயங்கியது. “உங்க கை பெருசு சார். அப்புறம் உங்க கைதான் தெரியும்.”

“தெரியட்டும். அவ கை உள்ளதானே இருக்கும்?”