அணியத்தில் நின்றவன்

2019 பிப்ரவரி 28, வியாழக்கிழமை. துபாய், படகுக் கண்காட்சி. மிதவைப் பாலத்தின் கடைசியில் கட்டியிருந்த வெள்ளைப் படகின் நீளம் நூற்றுப் பத்து அடி. விலை நான்கு கோடி திர்ஹாம்.

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, படகு விற்பவர்கள் கொடுத்த நீலத் துணியுறையைக் காலில் மாட்டிக்கொண்டான்.

முதலில் அணியத்தைத் தொட வேண்டும். படகின் முன்முனையைத் தொட்டு நெஞ்சில் சிலுவை போடாமல் அவன் எந்தப் படகையும் எடுத்ததில்லை. பாம்பனில் அவன் அப்பாவும் எடுத்ததில்லை.

முன்னால் போக வழி தெரியவில்லை. பிறகு பார்க்கலாம் என்று உள்ளே நுழைந்தான்.

நுழைந்ததும் மறந்துபோனான்.

தரை முழுக்கப் பளிங்கு. கூடத்தின் நடுவில் ஒரு பாய் அகலத்துக்குக் கண்ணாடி. அதற்குக் கீழே பச்சைத் தண்ணீர். தண்ணீரில் விரல் நீள மீன்கள்.

மிதிக்க மனம் வராமல் சுற்றிப் போனான்.

முப்பது வருடமாகக் கடலில் கிடப்பவன். கடலை யாரோ வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருப்பதை இன்றுதான் பார்க்கிறான்.

கீழக்கரை செய்யது ஜமால் ஏற்கெனவே படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அவருடைய பழைய படகைப் பதினோரு வருடம் ஓட்டியவன் அவன். ஜனவரியில் அது விற்றுப்போனது. படகில்லாமல் படகோட்டிக்கு விசா புதுப்பிக்க முடியாது என்று ஜமால் வருத்தத்தோடுதான் சொன்னார். இருக்கும் விசா மார்ச் பத்தோடு முடிகிறது. நீ பார்த்துச் சரி என்றால் இன்றைக்கே கையெழுத்து, நீதான் கேப்டன் என்றும் சொன்னார்.

சரி என்ற ஒரு சொல்தான். அவன் நாக்கில் அது தயாராக இருந்தது.

மேல் தளத்தில் சுக்கான். அதன் பின்னே தோல் நாற்காலி. உட்கார்ந்தான். முதுகு முழுவதையும் அது வாங்கிக்கொண்டது. சக்கரத்தைத் தொட்டபோது கை கூசியது.

பிறகு தலையை உயர்த்தி முன்னே பார்த்தான்.

நீச்சல் தொட்டியின் மேல் வளைந்திருந்த கூரை தெரிந்தது. அதற்கு அப்பால் வானம்.

எழுந்து நின்று பார்த்தான். இடப்பக்கம் சாய்ந்து பார்த்தான்.

வானம்தான். கடல் தெரியவில்லை.

கேமரா இருக்கிறது என்றாள் விற்பனைக்கு நின்ற லெபனான் பெண். திரையில் கடல் அழகாகத் தெரிந்தது. லென்ஸில் உப்புப் படிந்தால் என்ன செய்வது என்று கேட்டான். துடைக்கலாம் என்றாள். துடைக்க எந்த வழியாகப் போவது என்று கேட்டான்.

கூடத்தை அகலமாக்குவதற்காகப் பக்கவாட்டு நடைபாதையை எடுத்துவிட்டார்கள். முன்னால் போக ஒரே வழி முதலாளியின் படுக்கையறை. கட்டில் மேல் ஏறி, கூரையில் இருக்கும் மூடியைத் திறக்க வேண்டும்.

மேலே வந்த ஜமாலை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு இறங்கினான்.

வெள்ளை விரிப்பின் மேல் அந்தப் பெண் ஒரு துண்டைப் போட்டாள். அவன் அதில் முழங்காலிட்டு, மூடியைத் தள்ளி வெளியே ஏறினான்.

அணியம்.

குனிந்து தொட்டான். சிலுவை போட்டுக்கொண்டான்.

திரும்பிப் படகைப் பார்த்தான். அவ்வளவு பெரிய வெண்மை. வெயிலில் மலைபோல் குவித்த உப்பு. தன் வாழ்நாளில் இதைவிட அழகான ஒன்றின் மேல் நிற்கப் போவதில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

மேலே, வளைந்த கூரைக்குப் பின்னால் கறுப்புக் கண்ணாடியின் மேல்விளிம்பு மட்டும். ஜமாலின் முகம் தெரியவில்லை.

இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினான்.

ஆள் தண்ணீரில், எஞ்சினை நிறுத்து என்று அர்த்தம். பழைய படகில் ஒருமுறை ஜமால் சுக்கான் பிடித்திருந்தபோது இப்படித் தூக்கியிருக்கிறான். அன்று தண்ணீரில் விழுந்தது ஜமாலின் மகள். அவர் அந்த நொடியே எஞ்சினை அணைத்தார்.

நூறு எண்ணும்வரை கைகளை இறக்கவில்லை.

பக்கத்துப் படகில் இருந்த யாரோ பதிலுக்குக் கையசைத்தார்கள்.

திரும்பி மேலே வந்தபோது ஜமால் நாற்காலியில்தான் இருந்தார். இரண்டு கைகளும் சக்கரத்தின் மேல். கண்ணில் சின்னப்பிள்ளைக் களிப்பு.

"எங்கனப்பா போனே? எம்புட்டு நேரமா உன்னயத் தேடுறேன்."

கட்டிலறையில் இருந்தேன் என்றால் போதும். அது முழுப் பொய்யும் இல்லை.

அவன் காலிலிருந்த துணியுறையைக் கழற்றி மடித்தான்.

"அணியத்துலதான் நின்னேன் மொதலாளி. ரெண்டு கையயும் தூக்கிக்கிட்டு."

ஜமால் முன்னே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு சக்கரத்திலிருந்து கைகளை எடுத்தார்.

மார்ச் ஒன்பதாம் தேதி மதுரை விமானத்தில் அவனுக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது.