எழுந்து போன கவுன்சிலர்

"வர்றா பாரு, பாத்ரூம் மகாராணி!" என்றான் டெஸ், அடுப்பில் சாசேஜைத் திருப்பிப் போட்டுக்கொண்டே.

இரும்புக்கடை வாசலில் அவன் சுட்டு விற்கும் சாசேஜ் ரொட்டிக்காக வரிசையாக நின்றவர்கள் சிரித்தார்கள். பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த வெர்னாவுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. கூரல் பே நகர மன்றத்தைக் கலைத்துவிட்டுத் தனி அதிகாரியைப் போடுங்கள் என்று மாநில அமைச்சருக்கு மனு. ரொட்டி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் கையெழுத்துக் கேட்டுக் கேட்டு அவள் தொண்டை வறண்டுவிட்டது.

பின்னே என்ன செய்வது? ஒன்பது கவுன்சிலர்களில் நான்கு பேர் சண்டை போட்டுக்கொண்டு ராஜினாமா செய்துவிட்டார்கள். மிச்சம் ஐந்து பேர். ஐவரும் உட்கார்ந்தால்தான் கூட்டம் செல்லும். அதில் ஒருத்திதான் இப்போது வந்துகொண்டிருந்த இந்த கிளெனிஸ்.

மாதாமாதம் ஒரே கூத்து. கதவைச் சாத்திப் பேசவேண்டிய விஷயம் என்று மேயர் ராய்ஸ் எதையோ எடுப்பார். பொதுமக்களை வெளியே அனுப்புவார்கள். பின்னாலேயே கிளெனிஸும் பாத்ரூம் போவதாக எழுந்து வந்து, நேராகக் காரில் ஏறிப் போய்விடுவாள். ஐந்து பேர் இல்லாததால் கோரம் இல்லை. கூட்டம் கலைந்தது. மற்ற வேலையெல்லாம் அடுத்த மாதத்துக்கு.

அந்த மற்ற வேலையில்தான் வெர்னாவின் சாக்கடையும் மாட்டிக்கொண்டிருந்தது. கடலோரத்தில் நகர மன்றத்துக்குச் சொந்தமான, சக்கர வீடுகள் நிற்கும் கேரவன் பார்க்கில் அவள் குடியிருந்தாள். புருஷன் போனபிறகு வீட்டு வாடகை கட்டுப்படியாகாமல் வந்து ஒண்டிய இடம். அதை விட்டால் போக்கிடம் இல்லை. பக்கத்து கேரவன் டெஸ்ஸுக்கும் அதே நிலைமைதான். அங்கே கழிவுநீர்க் குழாய் உடைந்து, ஜன்னலைத் திறக்க முடியாத நாற்றம்.

மேயர் ராய்ஸே காலையில் வந்து, "என் பதவி போனாப் போகட்டும், ஊர் நல்லா இருக்கணும்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார். அவர் மனுஷன்!

கிளெனிஸ் மேசையருகே வந்து நின்றாள்.

"இது வேணாம், வெர்னா."

"ஏன், நாற்காலி போயிடும்னு பயமா?"

"தனி அதிகாரி வந்தா அவரு ஒருத்தர் முடிவுதான். யாரும் தடுக்க முடியாது."

"அதுதானே வேணும்! நீங்க அஞ்சு பேரும் சேர்ந்து கிழிச்சது போதும். எங்க பார்க்குல ஒரு ராத்திரி வந்து படுத்துப் பாரு, அப்பத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா எந்திரிச்சு ஓடுற? அப்படி உள்ள என்னதான் பேசுறாங்க? சொல்லித் தொலையேன்."

கிளெனிஸ் வரிசையில் நிற்பவர்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"கதவைச் சாத்திப் பேசுறதை வெளியில சொல்லக் கூடாது. சட்டம்."

"சரிதான், பாத்ரூம் போறதுக்கும் சட்டம் இருக்கா அம்மணி?" என்றான் டெஸ்.

மறுபடியும் சிரிப்பு. கிளெனிஸ் கையெழுத்துப் போடாமலே போய்விட்டாள்.

அமைச்சர் மனுவைப் படித்தார். நகர மன்றம் கலைந்தது. தலைநகரிலிருந்து தனி அதிகாரி வந்து இறங்கினார்.

முதல் கூட்டத்துக்கு ஊரே வந்திருந்தது. மனுஷர் மளமளவென்று போனார். குப்பை லாரியா, ஆகட்டும். தெருவிளக்கா, ஆகட்டும். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். கை வலிக்கத் தட்டினாள் வெர்னா. இத்தனை மாத அலைச்சலுக்கு இன்றைக்காவது விடிந்ததே!

"அடுத்தது, கடலோர கேரவன் பார்க்."

வெர்னா நிமிர்ந்து உட்கார்ந்தாள். டெஸ் அவள் தோளைத் தட்டினான்.

"கழிவுநீர்க் குழாயைச் சரி பண்ணத் தேவையில்ல. இடத்தை ஹோட்டல் கட்டுறவங்களுக்கு விக்கிற தீர்மானம், கோரம் இல்லாம மாசக்கணக்கா இழுத்துக்கிட்டு இருக்கு. இன்னைக்கு நிறைவேத்தியாச்சு. குடியிருக்கிறவங்க வேற இடம் பாத்துக்கணும். அடுத்தது..."

கூடம் கப்சிப். முன்வரிசையில் ராய்ஸ் மட்டும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் கலைந்த பிறகுதான் வெர்னா எழுந்தாள். வாசலில் கிளெனிஸ் நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"மத்த நாலு பேருமே விக்கச் சொன்னாங்களா?"

"ஆமா."

"எதிர்த்து ஓட்டுப் போட்டிருக்கலாமே, கிளெனிஸ்?"

"உக்காந்து ஓட்டுப் போட்டிருந்தா முதல் மாசமே வித்திருப்பாங்க, வெர்னா. அதான் எந்திரிச்சுப் போனேன்."