ஆணி சார்

மொட்டை மாடியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் அப்படியே ஆணி சாரின் தலையில் இறங்கியது. ஏணியில் நின்றிருந்தவர் சுத்தியலை நழுவவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

தெருவே சிரித்தது. "ஆணி சார் குளிச்சாச்சுடோய்! சோப்பு வேணுமா சார்?"

அவர் அண்ணாந்து பார்ப்பதற்குள், கைப்பிடிச் சுவருக்கு மேல் தெரிந்த தலைகள் மறைந்துவிட்டன. அக்கம்பக்கத்துத் தெருப் பெண்களெல்லாம் காலையிலிருந்தே முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு அங்கே கூடியிருந்தார்கள். வெதுவெதுவென்று தண்ணீர் கழுத்து வழியாகச் சட்டைக்குள் ஓடியது. முகம் மட்டும் நெருப்பாய் எரிந்தது.

சனங்களையும் குறை சொல்ல முடியாது. பெரிய மனிதர்களின் கார் போகும்போது மட்டும் ரோட்டைப் பார்த்த ஜன்னலைச் சாத்தச் சொன்னது அரசாங்கம், சாத்தினார்கள். பகல் முழுக்கச் சாத்தச் சொன்னது, முணுமுணுத்துக்கொண்டே சாத்தினார்கள். இப்போது பலகை வைத்து ஆணியே அடித்துவிடச் சொல்லி உத்தரவு.

அவர் வீட்டு ஜன்னலுக்கும் போன வாரம் வேறொரு ஊழியர் வந்து அடித்துவிட்டுப் போயிருந்தார். மனைவியிடம், தான் ஆபீசில் உட்கார்ந்து ஃபைல் பார்ப்பதாகத்தான் ஆணி சார் சொல்லி வைத்திருந்தார்.

பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே அந்த வீட்டு மருமகளின் முகம் தெரிந்தது. "நீங்க ஏணியில ஏறும்போதே கும்பிட்டுக் கேட்டேனே சார்? மாமாவுக்கு மூச்சு வாங்குது, காத்து வர்றது இந்த ஒரு ஜன்னல்லதான்னு."

அவளுக்குப் பின்னால் கட்டிலில் ஒரு கிழவர் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். ஆணி சார் ஏணியின் அடுத்த படியைக் காலால் தேடினார். கிழவரைப் பார்க்காமல் இறங்கினார்.

ஆபீசில் மேலதிகாரி குதித்தார். "நனைஞ்ச கோழி மாதிரி வந்து நிக்கிறீரே, வெட்கமா இல்ல? உம்ம தலையில ஊத்தினதில்லய்யா இது, அரசாங்கத்துத் தலையில ஊத்தினது! எவ ஊத்தினா?"

"முகம் தெரியல சார்."

"காலையில தெரிஞ்சாகணும். அவ உள்ள போகணும், இல்ல நீர் வீட்டுக்குப் போகணும். எது வசதி?"

"கண்டுபிடிச்சுச் சொல்லிடறேன் சார்." சொன்ன வாயை அப்போதே கழுவ வேண்டும் போலிருந்தது.

காய்ந்தும் காயாத சட்டையோடு வீட்டுக்குள் நுழைந்தார். பட்டப்பகலில் விளக்கு எரிந்த கூடத்தில், மனைவி துண்டோடு நின்றிருந்தாள். என்ன இது கோலம் என்று அவள் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"வர்ற வழியில நல்ல மழை."

ஆணி அடித்த பலகையின் இடுக்கு வழியே வெயில் ஒரு கோடாகத் தரையில் விழுந்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். பிறகு அவரை நாற்காலியில் உட்கார வைத்து, தலையைத் துவட்டத் தொடங்கினாள்.

"பச்சைத் தண்ணி உங்களுக்கு ஆகாதேன்னுதான் காய வெச்சு ஊத்தினேன்."