விடாத கை

"டிக்கெட்டை மாத்தச் சொல்லிடுங்க ஆன்ட்டி. நான் ஊருக்குப் போகலை."

ஜெஸ்ஸி இதைச் சொன்னபோது, அவளை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போக வந்த வேன் வாசலில் நின்றிருந்தது. பெட்டியைக்கூட ஏற்றியாகிவிட்டது. இல்லத்தின் காப்பாளர் ரேணுகா, வழியனுப்பப் போடுவதற்காக எடுத்து வைத்திருந்த சந்தன மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் நாற்காலி முதுகில் மாட்டினாள்.

"என்னம்மா இது? நேத்துதான் ஜெபத்துல சாட்சி சொல்லி எல்லார்கிட்டயும் விடை வாங்கின. ஈப்போவுல உங்கப்பா காத்துட்டிருப்பாரே."

"அவரு பெரியவரு, சமாளிச்சுக்குவாரு லா. அனு சின்னப் புள்ளை."

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரத்தில் இருந்தது அந்தச் சிறுவர் இல்லம். சுனாமி வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. அலையில் பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகள்தான் அங்கே பெரும்பாலும். அவர்களுக்கு ஊழியம் செய்ய மலேசியாவின் ஈப்போ நகரிலிருந்து ஒரு திருச்சபை தன் வாலிபர்களை மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. ஜெஸ்ஸி வந்தது ஜூலையில். அந்த வருட ஈஸ்டர் கழிந்த கையோடு அவள் அம்மாவை அடக்கம் செய்திருந்தார்கள்.

வந்த அன்றே ஒரு சின்னக் கை அவள் விரலைப் பிடித்தது. அனுவுக்கு ஏழு வயது. முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. அதன்பின் அந்தக் கை விடவே இல்லை. 'நீ துன்னாதான் நான் துன்னுவேன்' என்று தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உட்காரும். அலைச் சத்தம் கேட்டால் பயமென்று ஜெஸ்ஸியின் பாயில் வந்து சுருண்டுகொள்ளும். துணி துவைக்கப் போனாலும், ஞாயிறு ஆராதனைக்குப் போனாலும் பின்னாலேயே வரும். முதல் வாரத்தை வெறும் தேநீரில் ஓட்டிய ஜெஸ்ஸி, அந்தப் பிள்ளைக்காகவே சாப்பிட்டாள், அந்தப் பிள்ளைக்காகவே படுத்தாள். இப்போது கன்னம் உப்பிவிட்டது. மீன் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்குகிறாள்.

"கர்த்தர் என்னை இங்க அனுப்பினதே அனுவுக்காகத்தான் ஆன்ட்டி. ஒரு தடவை அம்மா போயிட்டாங்க. மறுபடி ஒருத்தி விட்டுட்டுப் போனா அது தாங்குமா? எங்கம்மா போனப்ப நான் பட்டது எனக்குத்தானே தெரியும்."

"அம்மா இல்லாம உங்கப்பாவுக்கு இது முதல் கிறிஸ்துமஸ். அதையும் நெனச்சுக்க."

ஜெஸ்ஸி தலையைக் குனிந்துகொண்டாள். ஞாயிறுதோறும் அப்பா போன் செய்வார். 'நல்லா இருக்கேன்மா' என்பார். பின்னால் தொலைக்காட்சிச் சத்தம் மட்டும் கேட்கும்.

அதற்குள் சமையல்காரி பார்வதம் ஒரு பொட்டலத்தோடு வந்தாள்.

"இன்னாமே, வண்டி உறுமிக்கினு நிக்குது, நீ இங்க கதை பேசிக்கினு கீற? புளி சோறு கட்டிக்கீறேன். ஏரோப்ளேன்ல குடுக்குற ரொட்டிய துன்னுட்டு அப்பால வவுறு வலிக்குதுன்னு என்னைத் திட்டக் கூடாது."

"நான் போகலை பார்வதம்மா."

"போவலியா? அய்ய, அப்ப சோத்த நானே துன்னுக்கிறேன்."

ரேணுகா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "ஜெஸ்ஸி, நீயே போய் அனுகிட்ட சொல்லு. அதுக்கப்புறம் டிக்கெட்டைப் பாக்கலாம்."

அனு குழாயடியில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, இன்னும் கெளம்பலியா?"

"போகலைம்மா. இனிமே உன்கூடவே இருக்கப் போறேன்."

துள்ளிக் குதிப்பாள் என்று ஜெஸ்ஸி எதிர்பார்த்தாள். அனுவோ தட்டைக் கீழே வைத்துவிட்டு, ஏதோ தப்பு நடந்துவிட்டதுபோல விழித்தாள்.

"உங்கப்பாவுக்கு யாரு சோறு போடுவா?"

"அவரே போட்டுக்குவாரு."

"போட்டுக்கலாம். கூட யாரு குந்துவா?"

ஈப்போ வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அப்பா ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பது முதல்முறையாக ஜெஸ்ஸியின் கண்ணுக்குத் தெரிந்தது.

"நீ... ராத்திரி பயப்பட மாட்டியா?"

"மாட்டேன்."

"ஒழுங்கா சாப்பிடுவியா?"

"ரெண்டு வாட்டி துன்னுவேன். போக்கா, டிரைவர் கத்தப் போறாரு."

ஈரக் கையாலேயே அவளை இழுத்துப்போய் வேனில் ஏற்றினாள் அனு. ஜெஸ்ஸி அழுதாள். அழுதுகொண்டே, அப்பாவுக்கும் பங்கு வைப்பதாகச் சொல்லிப் பார்வதத்திடம் புளிச் சோற்றை வாங்கிக்கொண்டாள். ரேணுகா மாலையைப் போட்டு நெற்றியில் சிலுவை வரைந்தாள். வேன் சவுக்குத் தோப்பைத் தாண்டிப் பெரிய சாலையில் ஏறி மறையும்வரை அனு கையை ஆட்டிக்கொண்டே நின்றாள்.

பிறகு முகத்தைப் பாவாடையில் அழுத்தித் துடைத்துக்கொண்டு, இல்லத்துப் பிள்ளைகளில் மூத்தவளான லதாவிடம் ஓடினாள்.

"லதாக்கா, அது போயிட்ச்சு. நல்லா துன்னுது, நல்லா தூங்குது, சிரிக்கக்கூட செய்யுது. நான் சரியா பாத்துகினேனா?"

"மொத வாட்டிக்குப் பரவால்ல" என்ற லதா, பக்கத்தில் நின்ற இன்னொரு சிறுமியை முன்னால் இழுத்தாள். "கஸ்தூரி, அடுத்து வர்ற அக்காவுக்கு உன் மொறை. பாவம், வூட்டை வுட்டுட்டு அவ்ளோ தூரம் வர்றாங்க. தனியா குந்திகினு அழுதா, உனக்கு பயமா கீதுன்னு போய்ச் சொல்லு. அப்பதான் அவங்க தூங்குவாங்க."